உரிமையாளர் பெயர்: பூங்கொடி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். நல்ல வார்த்தைதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்தே முடி நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி, இவர் மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை என்று மைக்கில் சொன்னார்கள். அது உண்மைதான். புகார் சொல்ல வேண்டியவர் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு என்மேல் மரியாதை குறைந்தால் குறையட்டும்.

விஷயம் அனுமதி பற்றியது. ஒரு ஃபைலை யார் திறக்கலாம், யார் மாற்றலாம் என்பது. யூனிக்ஸ் வழி வந்த மென்பொருள் கருவிகளுக்கு மூன்று தரப்புதான் தெரியும்: உரியவர், அவருடைய குழு, மற்ற எல்லோரும். விண்டோஸோ ஆளாளுக்குப் பட்டியல் போட்டு வைத்திருக்கும். அதற்குள் யூனிக்ஸ் கருவி ஒன்றை ஓடவிட்டால், தன் மூன்று தரப்பை அந்தப் பட்டியலாக மொழிபெயர்க்கப் பார்க்கும். அந்த மொழிபெயர்ப்பு பல நேரம் கோணலாகத்தான் வரும். திறக்க வேண்டியவருக்கே கதவு சாத்திக்கொள்ளும். இது உங்களுக்கும் வரும். வரும்போது பக்கத்தில் ஒருவர் பரபரத்துக்கொண்டு நிற்பார், அதுவும் நிச்சயம்.

நான் தொழில் பழகியது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில். அங்கே எனக்கு மேலே இருந்தவர் கெட்டிக்காரர். எந்த அனுமதிச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்து. ஃபோல்டர் முழுக்க எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுவார், எங்கள் பாஷையில் தரப்புக்கு ஒரு ஏழாக மூன்று ஏழு. அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, "பாத்தியா, வாடிக்கையாளர் வாயை மூடிட்டாரு" என்பார். வாடிக்கையாளர் வாயை மூடிவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் கற்றுக்கொண்டேன். அவர்மேல் பழி போடவில்லை. பிடித்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலை. பெயர் வேண்டாம். மக்காச்சோளம் லாரி லாரியாக வரும். ஈரத்தில் பூஞ்சை பிடித்த சோளத்தில் ஒரு நஞ்சு உண்டாகும். அதைத் தின்ற கோழி முட்டை விடுவதைக் குறைக்கும், ஈரல் கெட்டுச் சாகும். அதனால் ஒவ்வொரு லாரியிலிருந்தும் சோளம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். இருபதுக்கு மேல் எண் வந்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டும்.

அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் பூங்கொடி. சேந்தமங்கலத்துப் பெண். அப்பா அம்மா இருவரும் மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. வேதியியல் படித்து, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர். சோதித்த சோளத்தில் ஒரு கைப்பிடியைக் கவரில் போட்டு, லாரி நம்பரை உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதி அடுக்கி வைப்பார். எண்களை ஒரு நீள நோட்டிலும் எழுதி வந்தார். "கம்ப்யூட்டர் வந்தப்புறம் நோட்டு எதுக்குங்க, ரெட்டை வேலை" என்று முதலாளியிடம் சொல்லி அந்த நோட்டை நிறுத்தச் செய்தது நான்.

நான் செய்து கொடுத்த ஏற்பாடு இதுதான். சோதனைக் கருவியோடு ஒரு பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அது ஒவ்வொரு லாரியின் முடிவையும் ஒரு சின்ன ஃபைலாக எழுதும். விண்டோஸ் பக்கத்தில் நான் போட்டிருந்த யூனிக்ஸ் கருவி அதை எடுத்துப் பொது ஃபோல்டரில் வைக்கும். பெட்டியின் டிஸ்க் சின்னது என்பதால் எடுத்தவுடன் அங்கே இருப்பதை அழித்துவிடும். எடைமேடையில் இருப்பவர் தன் கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து எண்ணைப் பார்த்து லாரியை உள்ளே விடுவார், இல்லை திருப்பி அனுப்புவார். எழுதுவது ஆய்வுக்கூடம் மட்டும், எடைமேடை பார்க்க மட்டும்தான். "பூட்டுப் போட்டாச்சுங்க, அங்க யாரும் கை வைக்க முடியாது" என்று முதலாளியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சை நம்பித்தான் அவருடைய பங்காளிகளின் இரண்டு ஆலைகள் எங்களுக்குக் கிடைத்தன.

அறுவடை சமயம். காலை பத்து மணி இருக்கும். முதலாளி போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், எடைமேடையில ஒரு ஃபைலும் தொறக்க மாட்டீங்குதுங்க. லாரி ரோடு வரைக்கும் நிக்குது. மேக்கால மழை இருட்டிட்டு வருது. சோளம் நனைஞ்சுதுன்னா எம் பொழப்பே போச்சுங்க."

"வாரனுங்க" என்று கிளம்பினேன். முந்தின நாள் யூனிக்ஸ் கருவியைப் புதுப்பித்திருந்தேன். அது தன் வழக்கப்படி அனுமதிப் பட்டியலைத் திருத்தி எழுதி, எடைமேடையின் பெயருக்கு நேராக 'கூடாது' என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அனுமதியில் தலையிடாதே என்று அந்தக் கருவிக்கு ஒரு வரி சொல்லி, கெட்டுப்போன பட்டியல்களை எடுத்துவிட்டு, ஃபோல்டரின் பழைய விதிகளை மறுபடி இறங்கவிட்டால் போதும். அரை மணி நேர வேலை.

அரை மணி நேரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிரைவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் பத்தில் ஒன்பது தப்பு அறிவில்லாமல் நடப்பதில்லை. பின்னால் ஒருவர் நிற்பதால் நடக்கிறது.

பூங்கொடியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில், அவர் பெயரில் திறந்திருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சில ஃபைல்கள் என்னையே உள்ளே விடவில்லை. அதனால் முதலில் ஃபோல்டரில் இருந்த அத்தனை ஃபைலுக்கும் உரிமையாளரை மாற்றும் கட்டளை கொடுத்தேன். அந்தக் கட்டளை, கம்ப்யூட்டரில் யார் பெயர் திறந்திருக்கிறதோ அந்தப் பெயரை எல்லாவற்றிலும் எழுதும். அதுவரை அங்கே என் யூனிக்ஸ் கருவியின் பெயர்தான் இருந்தது. பிறகு மூன்று ஏழு. இனி அந்த ஃபோல்டரில் வந்து விழும் புது ஃபைலுக்கும் அதே கதிதான். மொத்தம் மூன்று நிமிடம் ஆகவில்லை. எடைமேடையில் ஃபைல் திறந்தது, லாரி நகர்ந்தது. முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"என்னங்க சார் பண்ணுனீங்க?" என்று பூங்கொடி கேட்டார். கற்றுக்கொள்ளும் ஆசையில் கேட்டதுதான்.

"எல்லாம் சரியாயிருச்சும்மா" என்றேன். அடுத்த வாரம் வந்து முறையாகச் செய்துவிடலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் பள்ளிபாளையத்தில் ஒரு நெசவாலை வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. திறந்து கிடக்கும் கதவைப் பற்றி யாரும் போன் போட்டுப் புகார் சொல்வதில்லை, அதனால் நமக்கும் ஞாபகம் வருவதில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டு பண்ணைகளில் கோழி சாக ஆரம்பித்தது. ஒரே நாள் அரைத்த தீவனம். எந்த லாரிச் சோளம் என்று தேடிப் பிடித்தார்கள். ஃபைலில் அந்த லாரிக்குப் பதினெட்டு என்று இருந்தது. பூங்கொடி அடுக்கி வைத்திருந்த கவரை எடுத்து வெளியே ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இருபதைத் தாண்டி எங்கேயோ இருக்கிறது என்று அறிக்கை வந்தது. கவர் ஒரு மாதம் கிடந்ததில் பூஞ்சை இன்னும் வளர்ந்திருக்கும், அதனால் அன்றைய சரியான எண் இதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் பதினெட்டாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

என்னை வரச் சொன்னார்கள். முதலாளி அறை. அவர், நான், பூங்கொடி. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம், பூங்கொடி நின்றார்.

"நான் பார்த்தது நாப்பத்தெட்டுங்க" என்றார் பூங்கொடி. "ஸ்கிரீன்ல நாப்பத்தெட்டுன்னு வந்துச்சு. லாரியைத் திருப்பிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"அப்பறம் பதினெட்டு எப்படிம்மா வந்துச்சு?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாருங்க. இந்த ஃபைலு யாரோடது?"

திறந்து பார்த்தேன். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. உரிமையாளர் என்ற இடத்தில் பூங்கொடி பெயர். கடைசியாக மாற்றிய நேரம், லாரிகள் வரிசையில் நின்ற அதே நாள் மதியம் ஒன்றே முக்கால். ஒன்றிலிருந்து இரண்டு வரை பூங்கொடி ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார், அந்த ஆலையில் அது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஃபைலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் ஒன்றுதான், எடைமேடையில். நோட்பேடில் திறந்து நாலை ஒன்றாக்கிச் சேமித்தால் போதும். அப்படி மாற்றினால் உரிமையாளர் பெயர் மாறாது, பழைய பெயர் அப்படியே நிற்கும். மாற்ற முடிந்ததற்குக் காரணம் என் மூன்று ஏழு.

இதெல்லாம் எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு நொடியில். தெரியாமல் நடந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"பூங்கொடி பேர்ல இருக்குதுங்க" என்றேன்.

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். பூங்கொடி என்னையே பார்த்தார்.

"சார், அன்னிக்கு லாரியெல்லாம் நின்னப்ப நீங்க என் சிஸ்டத்துல உக்காந்து ஏதோ பண்ணுனீங்களே. அதனால எம் பேரு வந்திருக்குமாங்களா?"

எவ்வளவு துல்லியமான கேள்வி பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் பத்து வருடம் இருந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு வந்து சேர அரை நாள் எடுப்பார்கள். அந்த அறையில் சிக்கலைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான்.

"அது வேறம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பூட்டுப் போட்டாச்சு என்று நான் அடித்த பெருமை, பங்காளிகளின் இரண்டு ஆலைகள், என் முதுகில் விழுந்த தட்டு, எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் இருந்தன. நான் சொன்னதை முதலாளி நம்பினார். நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமில்லை. சோளம் அனுப்பிய புரோக்கரிடம் கைநீட்டி எண்ணை மாற்றிவிட்டாள் என்று முடிவாயிற்று. பூங்கொடி ஆய்வுக்கூடச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மாதத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கருவிக்கு அந்த ஒரு வரியைச் சொன்னேன். கெட்ட பட்டியல்களை எடுத்தேன். எடைமேடைக்குப் பார்க்க மட்டும் என்று ஆக்கினேன். கடிகாரம் பார்த்துக்கொண்டே செய்தேன், இருபத்தெட்டு நிமிடம் ஆனது.

கோழித்தொழில் உங்களுக்குத் தெரியும். ஓர் ஆலையில் நடந்தது சாயங்காலத்துக்குள் மற்ற ஆலைகளில் பேச்சாகிவிடும். பூங்கொடி நாலைந்து இடத்தில் வேலை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு இடத்திலும் பழைய முதலாளிக்கு ஒரு போன், அதோடு சரி. எடைமேடைக்காரர் வருடம் திரும்புவதற்குள் தானாகவே வேலையை விட்டுவிட்டு, அந்தச் சோளப் புரோக்கரோடு சேர்ந்து தொழில் செய்யப் போனார். அதைக் கேள்விப்பட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் பேச வேண்டிய நேரம் கடந்துவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழையின் கடிகாரம் எப்போதும் நேரம் கடந்துவிட்டதாகவே காட்டும்.

சால்வை வாங்கிய மறுநாள் சேந்தமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். நல்லவனாகி அல்ல. புகாரே இல்லை என்று மைக்கில் கேட்ட பிறகு வீட்டில் சோறு இறங்கவில்லை, அதனால்தான்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பூங்கொடி ஒரு சேகோ ஆலையில் ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள் ஒட்டும் வேலை பார்க்கிறார். அன்று விடுமுறை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க சார். ஊட்டுக்குள்ள வாங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் எதிரி வந்தாலும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, கட்டளை, மூன்று ஏழு, ஒன்றே முக்கால் மணி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வந்தார்.

"எழுதிக் குடுங்க சார்."

எழுதினேன். 'கணினியில் ஏற்பட்ட அனுமதிக் கோளாறு காரணமாக, உரிமையாளர் பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது.' வாழ்நாள் முழுக்க இப்படி அறிக்கை எழுதிப் பழகிய கை, தானாக ஓடியது.

வாங்கிப் படித்தார். "இதுல ஆளே இல்லீங்களே சார்" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நான் அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன், நான் பெயரை மாற்றினேன், நான் ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். அதையும் படித்தார்.

"நான் உங்ககிட்ட நேரா கேட்டேனுங்க. அது வேறன்னு சொன்னீங்க. அதையும் எழுதுங்க."

அந்த ஒரு வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். பூங்கொடி அவசரப்படுத்தவில்லை, எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுதினேன். கேட்டார், நான் பொய் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இதை எங்கம்மா குடுக்கப் போறீங்க? நானும் கூட வாரேன். எந்த ஆலைக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"எங்கயும் குடுக்கறதுக்கில்லீங்க. அந்த வேலை எனக்கு இனி வேண்டாம்." தாளை இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். "சார், இன்னும் ஒண்ணு எழுதோணும். நான் பார்த்தது நாப்பத்தெட்டுதான்னு எழுதுங்க."

பேனா கையிலேயே இருந்தது. எழுத முடியவில்லை. ஃபைல் மாற்றப்பட்டது என்று எழுதலாம். எந்த எண்ணிலிருந்து என்று எழுத என்னிடம் என்ன இருக்கிறது? லினக்ஸ் பெட்டியில் இருந்ததை என் கருவி அழித்துவிட்டது. நோட்டில் எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன். கவரில் இருந்த சோளம் ஒரு மாதம் கிடந்து பூத்துவிட்டது. அந்த எண் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தால், அவர் மனதில் மட்டும்தான் இருக்க வேண்டும். அவர் மனம் கலங்காமல் சும்மா அதையே எழுதிக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் உட்கார்ந்து இன்னொரு பொய் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "உங்களுக்குத்தானே தெரியும்."

பூங்கொடி அந்தத் தாளை நாலாக மடித்தார்.

"அப்பத் தெரிஞ்சுது சார். எல்லாரும் பதினெட்டு, பதினெட்டுன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சரியாத் தெரியலீங்க."